சட்டைக்குள் ஒரு சட்டை

நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் கால் வலிக்காது என்பது எனக்கு முப்பத்தெட்டாவது வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முன்னால் எனக்கு எழுதவும் தெரியாது, நாற்காலியும் கிடையாது.

தண்டாயுதபாணி ஐயா, நீங்கள் காலேஜ் சார்பாக விசாரிக்க வந்தவர். சத்தம் போடாமல், மிரட்டாமல், "நடந்ததை நடந்தபடி சொல்லப்பா" என்றுதான் கேட்டீர்கள். பேச ஆரம்பித்தால் என் வாய் வேறெங்காவது மேயப் போய்விடும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். தொழிலாளர் சங்கத்து மாலைப் பள்ளியில் படித்த எழுத்து. ஒற்று விட்டுப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி எதையும் விடவில்லை.

என் பெயர் ஆறுச்சாமி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறையில் வேலை. நீங்கள் சட்டைக்குள் போட்டிருக்கிறீர்களே பனியன், அது பிறக்கும்போது அந்த நிறமில்லை. மிஷினில் இருந்து வரும்போது துணி பழுத்த இலை மாதிரி இருக்கும். கார சோடாவில் வேகவைத்து, வெளுப்புப் பவுடர் கரைத்த தொட்டியில் போட்டு, ஆள் இறங்கி மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் துணி வெளுக்கும். கால் வெளுக்காது, வெந்துபோகும். என் கால் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வலியெல்லாம் இல்லை. காலையில் பார்த்தால் இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் லீவு என்று ஒன்று கிடையாது. மாத்தாள் என்று ஒன்று உண்டு. உன் இடத்தில் இறங்கி மிதிக்க ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டால் நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கள் மேஸ்திரி அங்கமுத்து அடிக்கடி சொல்லுவார்: "தொட்டி சும்மா கெடக்கக் கூடாதப்பா. நீ சாவோணும்னாலும் ஒரு மாத்தாள உட்டுப்போட்டுச் சாவு." தமாஷாகத்தான் சொல்லுவார். ஆனால் அவர் தமாஷ் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அறுபத்தாறாம் வருசம் மாசி மாதம், மாலைப் பள்ளிக்கு ஞானாம்பாள் டீச்சர் வந்தார். கோயமுத்தூரில் காலேஜ் டீச்சர். கொமரலிங்கத்துக்கு மேலே மலையில் இருக்கிற சனங்களிடம் பாட்டுகள் இருக்கின்றன, எந்தப் பாறையில் ஊற்று இருக்கிறது, எந்த மாதம் தேனீ எங்கே போகும் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் வரும், அதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும், அவர்கள் பேச்சு தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். என் அப்பன் அந்த மலையடிவாரத்தில் ஊரான் மாடு மேய்த்தவர். பத்து வயது வரை நான் அங்கேதான் வளர்ந்தேன். ஒருமுறை பாம்பு கடித்து வாயில் நுரை தள்ளிக் கிடந்தபோது மாகாளி என்கிற மலைக்கார அம்மா என்னை முதுகில் கட்டிக்கொண்டு கீழே ஓடி வந்ததாக அப்பன் சொல்லுவார். அந்த மாகாளிதான் பின்னால் வருகிற மாகாளி.

டீச்சர் ஒரு மாதிரியான ஆள். நான் பார்த்த படித்தவர்கள் எல்லாரும் கேள்வியைக் கல் மாதிரி எறிவார்கள். இவர் அப்படி இல்லை. மலை ஏறும்போதே எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியவங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழேதான் நாம் உட்கார வேண்டும். அவர்கள் இஷ்டப்பட்டுச் சொன்னால்தான் எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் போய் அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். செத்தவங்களைப் பற்றிக் கேட்கவே கூடாது. "அவங்க வேண்டாம்னு சொன்னா, ஒரு வார்த்தை பேசாம மூட்டையக் கட்டிட்டு எறங்கீரோணுங்க. நீங்களும் உங்க வேலைக்குப் போயரலாம்" என்றார்.

எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். எனக்கு என் கால் நினைவுக்கு வந்தது.

மலைச்சனங்களின் குடியிருப்புக்குப் பதி என்று பெயர், நாங்கள் போனது கல்லுக்கூட்டுப் பதி. நடுவில் ஒரு வேங்கை மரம், அதற்கடியில் மூன்று கல். மூன்று மூப்பர், ஆளுக்கொரு கல். வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள், ஆட்டுக்குட்டிகூட ஏறாது. நடுக்கல்லில் சடையமூப்பர். இடது கல்லில் மாகாளி. வலது கல்லில் பூச்சன், பாறையில் கயிறு கட்டித் தேன் எடுக்கிறவர், மூன்று பேரில் இளையவர், அவருக்கே தலை முழுக்க நரை.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, கும்பிட்டு, வந்த சங்கதியைச் சொன்னார். உங்களுக்கு இஷ்டமிருந்தால் மட்டும், என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் கேட்டார்கள். சடையமூப்பர் வெகுநேரம் டீச்சரைப் பார்க்காமல் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்குது" என்றார்.

"கேளுங்க சாமி."

"கீழ இருக்கற ஆளுக சட்டைக்குள்ள எதுக்கு இன்னொரு சட்டை போடறீங்க?"

அவர்களுடைய முறை அது. அந்தப் பதியில் யாரும் வந்தவரைப் பார்த்து இல்லை, மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு ஒரு கேள்வி போடுவார்கள். கேட்க வந்தவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டால், அவர் கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தலையைக் குனிந்து இறங்கிப் போய்விட வேண்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "வேர்வைக்குங்க சாமி."

"அப்ப ரெண்டும் நனையுமே" என்றார் பூச்சன்.

"குளுருக்குங்க."

"வெய்யக்காலத்துலயும் போட்டுட்டுத்தானே வந்திருக்கறே?" என்றாள் மாகாளி.

"மானத்துக்குங்க."

"மேல ஒண்ணு மூடியிருக்குதே. உள்ள இருக்கறத ஆரு பாக்கப் போறா, எறும்பா?"

மூன்று கல்லும் சிரித்தன. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு முடிந்ததும் நாங்கள் இறங்க வேண்டும், இறங்கினால் தொட்டி.

ஆனால் டீச்சருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஆறுச்சாமி, இதுதாங்க ஆராய்ச்சி. நாம அவங்களக் கேக்கறது மட்டும் போதாது, அவங்களும் நம்மளக் கேக்கோணும். இது அவங்க ஆராய்ச்சி. அவங்களே வந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். சடையமூப்பரிடம் கேட்டார். அவர் யோசித்தார். திருப்பூர் என்கிற ஊரில் வீட்டுக்கு வீடு பனியன்தான் என்று நான் எடுத்துச் சொன்னதும் கிளம்பிவிட்டார். "எப்போ திரும்பிப் போகோணும்னு சொல்றாரோ, அப்போ பத்திரமா கொண்டுபோய் உடுங்க" என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்தக் கோயமுத்தூர் போனார்.

பதியை விட்டு இறங்கும்போது மாகாளி சடையமூப்பரிடம் ஒன்று சொன்னாள். "ஆத்துல புதுத்தண்ணி வாறதுக்குள்ள வந்துரு."

இதை நான் விளக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வியே இதைப் பற்றித்தான். மலையில் முதல் மழை பெய்து அடிவாரத்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால், அன்றைக்கு யார் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்களோ அவர்களைச் செத்தவர்களாக வைத்துவிடுவார்கள். மூப்பராக இருந்தால் அவர் கல்லைக் குப்புறப் புரட்டிச் சாம்பல் பூசுவார்கள். பிறகு அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்து நின்றாலும் பார்க்க மாட்டார்கள். மாடு மேய்க்கிற காலத்திலேயே எனக்கு இது தெரியும். டீச்சருக்குத் தெரியாது. செத்தவர்களைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி, அதனால் நானும் சொல்லவில்லை. விதியை மீறுவது எனக்குப் பிடிக்காது.

இதற்குள் என் மாத்தாளாகத் தொட்டியில் விட்டிருந்த என் மச்சான், கால் எரிகிறது என்று சொல்லிப் பல்லடம் பஸ்ஸில் ஏறினவன் திரும்பவில்லை. அங்கமுத்து மேஸ்திரி எனக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சடையமூப்பர் திருப்பூரைப் பார்த்த அழகை நான் எழுதத்தான் வேண்டும். ஊர் ஆற்றோரம் கயிறு கயிறாகப் பனியன் காயப் போட்டிருந்தது. நின்று பார்த்துவிட்டு, "இத்தன பேரும் உரிச்சுப் போட்டுட்டு எங்க போனாங்க?" என்றார். நூர்ஜான் அக்கா டீக்கடையில் தொழிலாளிகள் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். "இங்க மேல்சட்டையக் காணோம். பாதி வேலதான் ஆயிருக்குது" என்றார். டீச்சரைப் பார்த்துப் பழகிக்கொண்டாரோ என்னமோ, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, தான் குத்தவைத்து உட்கார்ந்து, "கண்ணு, உனக்கு இஷ்டமிருந்தாச் சொல்லு, உள்ள ஒண்ணு எதுக்குப் போட்டிருக்கறே?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டார்கள். நூர்ஜான் அக்கா மட்டும், "எங்க ஊட்டுக்காரர் தொப்பையத் தாங்கறதுக்குங்க" என்றது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். தொப்பை இல்லாதவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதில் செல்லாது என்று தலையை ஆட்டுவார்.

"பனியன் எங்க பொறக்குது?" என்று அவர்தான் கேட்டார், ஐயா. நான் இழுத்துக்கொண்டு போகவில்லை.

"தொட்டியிலங்க சாமி" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. மிஷினில் பிறப்பது துணி. வெள்ளைப் பனியன் பிறப்பது தொட்டியில்தான். ஒரு பொருளை அறிய வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று பார்த்தால் போதாது, இறங்கிப் பார்க்க வேண்டும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அங்கமுத்து எட்டிப் பார்த்தார். "ஏப்பா, வயசானவராட்டம் இருக்குதே?"

"ஆராய்ச்சிக்கு வந்திருக்காருங்க."

"அப்படியா. காலு நல்லாருக்குதா?"

"மலை ஏறின காலுங்க."

"அப்பச் செரி" என்று போய்விட்டார்.

நான் தொட்டிக்கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டீச்சர் கொடுத்த வேலைக்குத்தான். மூப்பர் என்ன சொன்னாலும் எழுத வேண்டுமல்லவா. அன்றைக்கு மாலை என் கால் காய்ந்திருந்தது. இரண்டு விரல் இடுக்கிலும் ஈரமில்லை. எவ்வளவு நாளாயிற்று என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சித்திரையில் சடையமூப்பரைத் தேடி மாகாளி வந்தாள். தொட்டியில் நின்ற மற்றவர்களின் கால்களைப் பார்த்தவள், எங்கிருந்தோ பச்சிலை அரைத்து ஒவ்வொருவருக்கும் பூசிவிட்டாள். பிறகு கிழவரைத் தனியாக மிதிக்க விட மனமில்லாமல் தானும் இறங்கிவிட்டாள். வைகாசியில் இரண்டு பேரையும் தேடிப் பூச்சன் வந்தார். பாறையில் தொங்குகிற மனுசனுக்குப் பஸ் என்றால் பயம், மலையில் இருந்து நடந்தே வந்திருந்தார். அவரையும் நான் கூப்பிடவில்லை. அங்கமுத்து என் முதுகைத் தட்டி, "உன்ற ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சியப்பா" என்றார். பட்டறையில் யாரும் என்னைத் தட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் சடையமூப்பர் தொட்டியில் இருந்து தலையைத் தூக்கி, "கண்ணு, எனக்குப் பதில் கெடைச்சுப் போச்சு" என்றார்.

"என்னங்க சாமி அது?"

"அப்பறஞ் சொல்றேன். ஆனா நானேதான் கண்டுபுடிச்சேன், அந்த டீச்சருப் புள்ள சொல்லுல. அதுனால பாட்டுக் கெடையாது. நல்ல மொறையில அதைய அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போட்டு நாங்க மேல போகோணும். மலைப்பக்கம் போனீன்னா மழை எறங்கிருச்சான்னு பாத்துட்டு வா. எறங்கறாப்புல இருந்தா உடனே பொறப்பட்டரலாம்."

பாட்டுக் கிடையாது என்றால் டீச்சர் மூட்டையைக் கட்டுவார். மூப்பர் போய்விட்டால் தொட்டிக்கு ஆள் வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தது. நான் நியாயமாகத்தான் யோசித்தேன். அவர்களுக்கு மலை முழுக்க இருக்கிறது. எனக்கு ஒரு நாற்காலி.

மறுநாள் நான் உடுமலை வழியாகக் கொமரலிங்கம் போனேன். மலை கண்ணுக்குத் தெரியவில்லை, முழுக்கக் கருமேகம். சாரல் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. கரையில் இருந்த ஆள், "நாளைக்கோ நாளான்னைக்கோ புதுத்தண்ணி வந்துருமுங்க" என்றான். அன்றைக்கே கூட்டி வந்திருந்தால் மூன்று பேரும் கடந்திருக்கலாம். நேரம் இருந்தது.

ஐயா, உங்களுக்கே தெரியும், அந்த மாதத்தில் திருப்பூரில் ஒரு சொட்டு விழாது. காற்றுத்தான் அடிக்கும். பஸ்ஸில் பல்லடம் தாண்டும்போதே ரோடு காய்ந்து கிடந்தது. என் குடைதான் ஈரம். பட்டறைக்குள் போகுமுன் நூர்ஜான் அக்கா கடைக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் குடையை விரித்துக் காய வைத்தேன். "மழையா அண்ணே?" என்றது. "இல்லீங்க அக்கா, குடத்துத் தண்ணி சிந்திருச்சு" என்றேன். ஒரு டீ குடித்தேன். குடை நன்றாகக் காய்ந்ததும் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மூப்பர் முதலில் குடையைத்தான் பார்த்தார். பிறகு என்னை.

"எறங்கிருச்சா?"

"இன்னும் இல்லீங்க சாமி. வானம் வெளுத்துக் கெடக்குதுங்க. ஒரு வாரம் ஆகும்போல."

அவ்வளவுதான் நான் செய்தது. அடித்தேனா, கட்டிப் போட்டேனா. மழை வரவில்லை என்று ஒரு வாக்கியம். மூன்று பேரும் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சில நாள் கழித்துக் கொமரலிங்கத்து மாங்காய் வண்டிக்காரன் ஒருத்தன் பட்டறை வாசலில் வந்து, ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு ஓடுகிறது, வண்டியை மாற்று வழியில் ஓட்டி வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பூச்சன் காதில் விழுந்தது. மூன்று பேரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். மாகாளி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அவர்கள் வழக்கத்தில் அது எழவுக்குச் செய்வது. அவளுக்கு அவளே எழவு.

சடையமூப்பர் என்னைக் கூப்பிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வந்துதானே சொன்னே, கண்ணு?"

"ஆமாங்க சாமி."

"அப்பறஞ் செரி." கொஞ்சநேரம் என் சட்டையையே பார்த்தார். "பதிலச் சொல்றேன்னு சொன்னேனில்ல. உங்க ஊருல ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் இன்னொரு ஆளு இருக்கறான். ரெண்டு பேருக்கும் ரெண்டு சட்டை வேணுமில்ல, அதுக்குத்தான்."

நல்ல பதில். எழுதி வைத்துக்கொண்டேன். யாரைப் பற்றிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்லியிருப்பார்.

பூச்சனுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. ஆவணியில் தண்ணீர் வடிந்ததும் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டார். தொட்டியில் ஆள் குறைகிறதே என்று எனக்குத்தான் பதைப்பு. ஆனால் நல்ல மனுசன், திரும்பி வந்துவிட்டார். பதியில் அவருடைய பெண்டாட்டியும் பிள்ளைகளும் அவருக்கு நேராக நடந்து வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனார்களாம், வழியில் ஒரு மரம் நிற்கிற மாதிரி. மூன்று கல்லும் குப்புறக் கிடந்ததாம். எல்லையில் செத்தவர்களுக்கு இலையில் சோறு வைத்திருந்தார்களாம். அவருக்கு வைத்தது. பசித்ததால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாராம்.

"எப்படியிருந்துதுங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் ஆக்கியிருந்தா" என்றார். பிறகு தொட்டியில் இறங்கிவிட்டார்.

பாட்டுக்கு வருகிறேன். காலேஜுக்கு அதுதானே முக்கியம். அதற்குப் பிறகு அவர்கள் மிதிக்கும்போது பாட ஆரம்பித்தார்கள். மேலே இருந்தவரை வாயைத் திறக்காதவர்கள், ஊற்றுப் பாட்டு, தேன் பாட்டு எல்லாம் பாடினார்கள். மறந்துவிடுமோ என்று ஒருவருக்கொருவர் பாடிக் காட்டிக்கொண்டார்கள். நான் கரையில் உட்கார்ந்து எழுதினேன். மூப்பர்களின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது என்பது டீச்சர் விதி. ஆனால் அவர்கள் முறைப்படி அவர்கள் செத்தவர்கள். கல்லைப் புரட்டியாயிற்று. செத்தவர்களிடம் சம்மதம் கேட்கிற வழக்கம் அந்தப் பதியிலும் இல்லை, காலேஜிலும் இல்லை. ஒருவர் வழக்கத்தை மதிப்பது என்றால் முழுக்க மதிக்க வேண்டும், பாதி மதிக்கக் கூடாது.

மூப்பரை மேலே கொண்டுபோய் விட்டாயிற்று, பாட்டுச் சொல்லச் சம்மதித்துவிட்டார்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போவேன். எழுதியதைக் கோயமுத்தூருக்கு அனுப்புவேன். "பெரியவங்களுக்கு மனத்தாங்கல் ஒண்ணுமில்லையே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஒரு வார்த்தை சொல்லலீங்க" என்பேன். அது உண்மை. அந்தக் காலத்தில் அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

தை மாதம் சடையமூப்பருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பவுடர் வாடை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. மாகாளி மடியில் தலையை வைத்துக்கொண்டு இருந்தார், அப்படியே போய்விட்டார். குழி வெட்டியது நான்தான், மாத்தாள் வைக்கவில்லை. பதியில் சடங்கெல்லாம் முன்னமே முடிந்திருந்ததால் நாங்கள் சும்மா மண்ணைத் தள்ளினோம். அங்கமுத்து வந்து நின்று, "அந்த எடத்துக்கு ஆளு?" என்று கேட்டார். பார்க்கலாங்க என்றேன்.

மாட்டிக்கொண்டது டீச்சருடைய விதியால்தான். எழுதியதைத் திரும்பப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னேனே. இந்த மாசியில் என்னிடம் சொல்லாமலே பாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு தனியாக மலையேறிவிட்டார். வேங்கை மரத்தடியில் மூன்று கல்லும் குப்புறக் கிடந்ததைப் பார்த்தார். பாட்டைப் படிக்க ஆரம்பித்ததும் சனங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். மூன்று பேரும் செத்துப் போய்விட்டார்கள் என்று மட்டும் அவருக்கு விளங்கியது. நேராகத் திருப்பூருக்கு வந்தார், என்னிடம் துக்கம் சொல்ல.

பட்டறை வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆறுச்சாமி, மனசத் திடப்படுத்திக்குங்க. நம்ம பெரியவங்க மூணு பேரும் போயிட்டாங்க" என்றார்.

எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, ஐயா. யாராவது அப்படிக் கையைப் பிடித்துச் சொன்னால் கலங்கத்தானே செய்யும்.

அப்போது உள்ளே தொட்டியில் இருந்து குரல் வந்தது. "ஆரது? டீச்சருப் புள்ளையாட்டம் இருக்குதே?"

மாகாளிக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். டீச்சர் என் கையை விட்டார். உள்ளே போனார். தொட்டியில் மாகாளியும் பூச்சனும் முழங்கால் வரை நின்றார்கள், மேலே கம்பெனிப் பனியன் போட்டுக்கொண்டு. டீச்சர் செருப்போடு, சேலையோடு தொட்டிக்குள் இறங்கினார், அப்படி ஒருவர் இறங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதினார், நீங்கள் வந்தீர்கள்.

இப்போது டீச்சர் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருக்கிறாராம். செத்தவர்களை மறுபடி உயிரோடு எடுத்துக்கொள்ள வழியுண்டா என்று பதியில் கேட்டாராம். அவர்கள் மாட்டோம் என்று சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி போட்டிருக்கிறார்கள்: கரையில் நிற்கிற செத்தவங்க எதுக்கு வெள்ளைப் பனியன் போட்டிருக்காங்க என்று. அதற்குப் பதில் தேடி மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து யோசிக்கிறார்களாம். புதுத்தண்ணீர் வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பார்கள். மாகாளி கெட்டிக்காரி.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. மழை இறங்கியது எனக்குத் தெரியும். கல்லைப் புரட்டுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் குடையைக் காய வைத்தேன். இதை எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, ஏனென்றால் அந்தப் பெரியவர்களுக்கு நான் ஒரு மரியாதைக் குறைச்சலும் செய்ததில்லை. ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி, ஆத்தா என்றுதான் கூப்பிட்டேன். நாற்காலியில் உட்காரும்போதுகூட அவர்கள் பக்கம் காலை நீட்டியதில்லை.

ஒரே ஒரு சிரமம்தான் பாக்கி. தொட்டியில் மூன்று பேர் இடமும் இப்போது சும்மா கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் நானே இறங்க வேண்டும் என்று அங்கமுத்து சொல்லிவிட்டார். என் நகங்கள் இப்போதுதான் திரும்ப முளைத்திருக்கின்றன.

நேற்று விசாரணை முடிந்து எழுந்திருக்கும்போது, கொடியில் காய்ந்ததைப் பார்த்து, "அது எப்படியப்பா இவ்வளவு வெள்ளையா வருது?" என்று கேட்டீர்கள். அதை வாயால் சொல்ல முடியாது, ஐயா, பார்க்க வேண்டும். நீங்கள் வயதில் பெரியவர். பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் தீர்த்து வைக்காமல் விடுவது என் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இருக்க மாட்டார்கள், நான் மட்டும் இருப்பேன். வாருங்கள். செருப்பு மட்டும் வேண்டாம்.